யான் கொண்ட மறைமொழி

சிவமயம்

திருமடத்திற் பயின்று, பள்ளியிற் பயிற்றி, இப்போது ஓய்வு பெற்று இல்லத்திலிருக்கும் எனக்கு வயது 67 கடந்துவிட்டது. இதுகாறும் யான் எழுதியனவெல்லாம் பெரியோர் நூல்களுக்கு விளக்கங்களே. என்னைப் பற்றி எழுதும் வழக்கம் எனக்கில்லை. எழுதத்தக்கது யாதும் இன்மையே அதற்குக் காரணம். ஆயினும், நீலகிரி மலையில் வழியோரத்துத் தேநீர்க்கடை ஒன்றில், யான் கற்ற சித்தாந்தத்தை எனக்கு மீண்டும் கற்பித்தார் ஓர் அம்மையார். அன்று மாலையே அதனை அவையில் எடுத்துரைத்திருத்தல் வேண்டும். உரைக்கும் துணிவு எனக்கு வரவில்லை. அன்று தீர்க்காது விட்ட கடனை இவ்விதழின் அன்பர்கள் முன் எழுத்தாற் செலுத்த முற்படுகின்றேன்.

தருமபுரத்துத் திருமடத்தின் நிழலிலே யான் தமிழும் சாத்திரமும் கற்றேன். விடியுமுன் நீராடி, நீறணிந்து, ஆசிரியர் எதிரே அமர்ந்து, கேட்ட பாடத்தை மறுநாள் பிழையின்றி ஒப்புவித்தல் அந்நாளைய முறை. படிப்பு முற்றியபின், 1981 ஆம் ஆண்டில், இலங்கையிற் கண்டி நகரத்துச் சைவ அன்பர் சிலர் அழைக்க ஆண்டுச் சென்றேன். புராணம் படித்துப் பயன் சொல்லுதலும், சிறுவர்க்குத் திருமுறை ஓதுவித்தலும் என் பணிகள்.

யான் குடியிருந்த வீட்டிற்கு அடுத்த வீட்டில், கணவரை இழந்த சிங்கள மூதாட்டியார் ஒருவர் இருந்தார். பௌத்த நெறியிற் பற்று மிக்கவர். அவர்க்குத் தமிழ் வாராது. எனக்குச் சிங்களம் வாராது. வேலியருகே நின்று, பொருளைக் காட்டிப் பெயரைச் சொல்லிச் சொல்லியே அவர் எனக்கு அம்மொழியைக் கற்பித்தார். வடபுலத்துப் பாகதத்தின் வழி வந்ததாயினும், நெடுங்காலம் தமிழோடு அடுத்து வாழ்ந்தமையிற் சிங்களத்தில் நம் சொற்கள் பல கலந்துள்ளன. கடையைக் 'கடே' என்பர். உதவியை 'உதவ்வ' என்பர். கோயிலைக் 'கோவில' என்பர். வாடகையைக் குறிக்கும் 'குலிய' என்பது நம் கூலியே. அம்மாவும் அக்காவும் இரு மொழிக்கும் பொது. நன்றி கூறுதற்கு அவர்கள் வழங்குஞ் சொல் 'ஸ்துதி' என்பது. உதவி பெற்றவன் உதவினாரைத் துதிக்கின்றான் என்னும் அக்கருத்தை நினைந்து யான் பலகால் மகிழ்ந்ததுண்டு. ஈராண்டில் அம்மொழி எனக்குத் தடையின்றி வந்தது. 1982 இல், மாத்தளையில் வாணிகஞ் செய்த தமிழ்க் குடும்பமொன்றிற் பெண் கொண்டேன். என் இல்லாள் சிங்களத்தைத் தாய்மொழியே போலப் பேசுவாள்.

மறு ஆண்டு, 1983 சூலைத் திங்களின் இறுதி வாரத்திற் கொழும்பில் மூண்ட தீ கண்டிக்கும் வந்தது. தமிழர் கடைகள் எரிந்தன. அன்றிரவு அம்மூதாட்டியார் எங்கள் புறக்கதவைத் தட்டி, இருவரையும் தம் இல்லத்து உள்ளறைக்கு அழைத்துச் சென்றார். மூன்று பகலும் மூன்று இரவும் அவ்வறையில் இருந்தோம். வாயிலில் வந்து வினவியவர்க்கு, வீட்டில் வேறொருவரும் இலர் என்று அவர் உரத்துக் கூறியதை உள்ளிருந்து கேட்டோம். தம் கையாற் சமைத்துத் தம் கலத்திலேயே எங்களுக்கு உணவிட்டார். அக்கலத்தில் முன்னர் யாது சமைத்தனர் என்று யான் வினவவில்லை. அவ்வாண்டு முடிவதற்குள் இருவரும் தமிழகம் சேர்ந்தோம். சில ஆண்டுகள் அவரிடமிருந்து கடிதம் வந்தது, பின்னர் நின்றுவிட்டது.

ஊர் திரும்பிப் பள்ளியொன்றில் தமிழாசிரியனாக அமர்ந்தேன். எம்மூரிற் சிங்களம் அறிந்தார் எவருமிலர். ஆதலின், பிறர் அறியாது யாதேனும் பேச விழையுங்கால் யானும் இல்லாளும் அம்மொழியைக் கையாளத் தொடங்கினோம். மக்கள் சிறுவராயிருந்தபோது, அவர்கள் முன்னிலையிற் கடனும் நோயும் பற்றிப் பேசுதற்கு அது பயன்பட்டது. நாளடைவில், துணிக்கடையில் விலையைப் பற்றியும், திருமண வீட்டிற் பந்தியைப் பற்றியும், பேருந்தில் அருகிருப்பாரைப் பற்றியும் அதிலே பேசலானோம். நாற்பதாண்டில் அஃது எங்கள் இருவர்க்கே உரிய தனியறை போலாயிற்று. யான் அதற்கு 'மறைமொழி' என்று பெயரிட்டேன். தொல்காப்பியர் மந்திரத்தைக் குறித்து வழங்கிய சொல் அது. சொல்லியது சொல்லியவாறே பலிக்கும் பெரியோர் வாக்கிற்கு உரியது. அச்சொல்லை எடுத்து, பிறரை இகழ்தற்கு அமைத்துக்கொண்ட மறைவிடத்திற்குப் பெயராக்கினேன். அது நல்ல நகைச்சுவையென்றே அந்நாளில் எண்ணினேன். 'தமிழிற் சொல்லக் கூசுவதை எதிலும் சொல்லாதிருப்பது நன்று' என்று இல்லாள் ஒருகால் கூறினாள். யான் அதனைப் பொருட்படுத்தவில்லை.

இஃது இங்ஙனமாக, 2024 ஆம் ஆண்டு வைகாசி மூலத்தை முன்னிட்டுக் கோத்தகிரி அன்பர் சிலர் சொற்பொழிவிற்கு அழைத்தனர். வைகாசி மூலம், ஆளுடைய பிள்ளையார் திருநல்லூர்ப் பெருமணத்திற் சோதியுட் கலந்த நாள் என்பதை அன்பர்கள் அறிவர். அவரோடு அச்சோதியிற் புகுந்த திருநீலநக்கர்க்கும், திருநீலகண்ட யாழ்ப்பாணர்க்கும், முருக நாயனார்க்கும் அந்நாளே குருபூசை. யான் எடுத்துக்கொண்ட பொருள் திருநீலநக்க நாயனார் புராணம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து மலைப் புகைவண்டியிற் குன்னூர் சென்றோம். 1899 இற் குன்னூர் வரையும், 1908 இல் உதகை வரையும் அமைந்த இருப்புப்பாதை அது. கல்லாற்றைக் கடந்தபின் இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பற்சட்டம் ஒன்று தொடர்கின்றது. வண்டியின் பற்சக்கரம் அதனைப் பற்றிப் பற்றி மேலேறுகின்றது. இல்லாள் சாளரத்தின் வழியே அருவிகளைக் கண்டு களித்தாள். யானோ மாலைச் சொற்பொழிவின் தொடக்கத்தை மனத்துள் அமைத்துக்கொண்டிருந்தேன். இம்மலைமேல் வாழ்ந்தவர் போப்பையர். 1820 இற் பிறந்து 1908 இல் மறைந்த அப்பெரியார் உதகையிற் பள்ளி நடத்தியவர். இம்மலைவாழ் தோடர் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணச் சுருக்கம் 1873 இல் வெளிவந்தது. அவர் கிறித்து நெறியினர். ஆயினும் திருவாசகத்தில் ஈடுபட்டு, அதனை ஆங்கிலத்தில் ஆக்கித் தமது எண்பதாம் அகவையில், 1900 இல், வெளியிட்டார். 'கடல் கடந்து வந்தார் ஒருவர் உள்ளத்திலும் மணிவாசகப் பெருமான் மொழி புகுந்தது. ஆதலின், அயலார் நம் மொழியை அறியார் என்று எவரும் எண்ணற்க' எனத் தொடங்குதல் நலம் என்று முடிவு செய்தேன். அத்தொடர் நன்கு வாய்த்தது என்று என்னை யானே பாராட்டிக்கொண்டதும் நினைவில் உள்ளது.

அடுத்துப் புராணத்தை நினைந்தேன். நீலநக்கர், இந்நாளிற் சீயாத்தமங்கை என வழங்கும் திருச்சாத்தமங்கையில் வாழ்ந்த மறையவர். அயவந்தியில் எழுந்தருளிய ஈசரை ஆகம விதி வழுவாது பூசித்தவர். ஒருநாள் பூசையின்போது இலிங்கத் திருமேனிமீது சிலந்தியொன்று விழுந்தது. உடனிருந்த மனைவியார், குழந்தையின் உடலில் விழுந்தாற்போலப் பதைத்து, வாயால் ஊதி, எச்சில் பட உமிழ்ந்து அதனை நீக்கினார். அது தகாத செயல் என நாயனார் வெகுண்டு, அவரைத் துறந்தேன் என்று கூறி அகன்றார். அன்றிரவு இறைவன் கனவிற் றோன்றி, அவ்வெச்சில் பட்ட இடம் ஒழிய ஏனையிடமெல்லாம் கொப்புளமாயிருத்தலைக் காட்டியருளினார். பின்னொருகால், பிள்ளையார் அவர் மனைக்கு எழுந்தருளி, உடன்வந்த யாழ்ப்பாணர்க்கும் அவர் துணைவியார்க்கும் தங்க இடம் வேண்டினார். பாணர் அக்காலத்தார் தாழ்ந்ததென ஒதுக்கிய குலத்தினர். நாயனார் மனை நடுவே வேள்வித் தீயின் அருகிலேயே அவர்க்கு இடம் அளித்தார். அத்தீ வலமாகச் சுழன்று மேலெழுந்தது என்பர் சேக்கிழார் பெருமான். எச்சில் என்று ஒதுக்கியது அன்பாய் இருந்தது. இழிகுலம் என்று ஒதுக்கியவரைத் தீயே வரவேற்றது. இதனை முப்பது அவைகளிலேனும் விரித்துரைத்திருப்பேன். கேட்டார் கண்ணீர் உகுத்ததும் உண்டு.

குன்னூரில் இறங்கி, அன்பர் அனுப்பியிருந்த மோட்டார் வண்டியிற் கோத்தகிரிச் சாலையிற் சென்றோம். இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். சிறிது தொலைவு செல்வதற்குள் மழைத் தூறலும் மூடுபனியும் சேர்ந்து வழியை மறைத்தன. வண்டியோட்டி, 'ஐயா, பனி சற்றே விலகட்டும். அதுவரை ஒரு தேநீர் அருந்தலாம்' என்று ஒரு கடையின்முன் நிறுத்தினார். தகரக் கூரை, அமர்வதற்கு இரண்டு மரப்பலகைகள், புகையும் அடுப்பு. கம்பளிச் சட்டை அணிந்து தலையிற் சால்வை சுற்றிய, அறுபது வயது மதிக்கத்தக்க அம்மையார் ஒருவர் கடையை நடத்தினார். அவர் நெற்றியில் நீறு துலங்கியது. அதனை யான் பின்னரே கண்டேன். முதலிற் கண்டவை அவர் விரல்கள். நகக்கண் வரை கறுத்திருந்தன. அடுத்துக் கண்டது கண்ணாடிக் குவளையின் விளிம்பிற் படிந்திருந்த பழுப்பு நிறம்.

அம்மையார் குவளையை எடுக்கும்போது, யான் இல்லாளை நோக்கி எங்கள் மறைமொழியிற் கூறினேன்: 'இங்கே குடியாதே. இந்த லயத்து ஆட்கள் எத்தகையரோ, யார் கண்டார்? குவளையில் எச்சில் மாறவில்லை. அந்தக் கையைப் பார். அதனால் ஊற்றும் நீர் தொண்டையில் இறங்குமா?'

இதனைக் கூறும்போது என் முகத்தில் முறுவல் இருந்தது. மழையைப் பற்றிப் பேசும் வழிப்போக்கன் போலக் குரலை வைத்துக்கொண்டேன். அது நாற்பதாண்டுப் பழக்கம். இல்லாள் தலை குனிந்தாள்.

அடுப்பை நோக்கி நின்ற அவ்வம்மையாரின் கை ஒரு கணம் அசையாது நின்றது. பின்னர் அவர் குவளைகளை எடுத்து, கொதிநீரை முகந்து, உள்ளும் புறமும் இருமுறை கழுவினார். துணியால் துடையாது நீர் வடியக் கவிழ்த்து வைத்தார். புதிதாகத் தேயிலை இட்டு வடித்து, நுரை அடங்கியபின் கொணர்ந்து எம்முன் வைத்தார். வைத்துவிட்டு, 'உணு வத்துரென் ஹேதுவா, மாத்தயா' என்றார்.

'வெந்நீரிற் கழுவினேன், ஐயா' என்பது அதன் பொருள். கூறியது தெளிந்த சிங்களம். கண்டிப் பக்கத்துச் சிங்களம். குரலிற் சினம் இல்லை; குத்தலும் இல்லை. வந்தவர்க்கு ஐயம் இருந்தது, அதனைத் தீர்த்தேன் என்னும் அளவிலேயே அது நின்றது. பின்னர்த் தமிழில், 'கையிலிருப்பது தேயிலைக் கறை, ஐயா. நாற்பது வருடம் கொழுந்து பறித்த கை. எதைப் போட்டுக் கழுவினாலும் போகாது' என்று கூறிக் கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார்.

அவர் கையை மறைத்துக்கொண்ட அச்செயலை இன்றளவும் என்னால் மறத்தற்கு இயலவில்லை. மறைக்க வேண்டியது அக்கை அன்று.

எனக்கு இரண்டு மொழியும் ஒருங்கே மறந்தன. இல்லாள் குவளையை எடுத்து, இரு கையாலும் ஏந்தி, முழுதும் பருகினாள். பருகியபின் அவரைத் தன் அருகே அமர்த்தி, 'அக்கா, எந்தத் தோட்டம்?' என்று சிங்களத்திலேயே வினவினாள். அவ்வம்மையார் அமர்ந்து சொல்லலானார்.

அவர் பிறந்தது கம்பளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். பாட்டனார்க்குப் பாட்டனார் காலத்தில் தமிழ்நாட்டிலிருந்து அங்கே சென்ற குடும்பம். தோட்டத்தின் கீழெல்லையிற் சிங்களச் சிற்றூர் ஒன்று இருந்தது. அவ்வூர்ச் சிறுமியரோடு ஓடையிற் குளித்தும், விறகு பொறுக்கியும் பழகியதால் அம்மொழி வந்தது, பள்ளியிற் கற்றதன்று. 1975 இல், தமக்கு வயது பன்னிரண்டாயிருந்தபோது, பெற்றோருடன் தலைமன்னாரிற் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமிற் சில நாள் இருந்து, பின்னர் இம்மலைக்கு அனுப்பப்பட்டார். பதினெட்டாம் வயதிற் கூடையைத் தோளில் மாட்டியவர் 2021 இல் இறக்கினார். இறக்கியபின் இக்கடை.

அவர் குடும்பத்தின் கதை ஒரு குடும்பத்தின் கதை மட்டும் அன்று. ஆங்கிலேயர் ஆட்சியிற் காப்பித் தோட்டங்களுக்கென்று தமிழகத்திலிருந்து சென்றவரின் வழியினர் அவர்கள். 1869 முதற் காப்பிச்செடியை இலைநோய் அழிக்க, அம்மலைகளில் தேயிலை பரவிற்று. அதனை வளர்த்ததும் அவர்கள் கைகளே. இலங்கை விடுதலை பெற்ற 1948 இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால் அவர்களிற் பெரும்பாலார் எந்நாட்டிற்கும் உரியரல்லர் ஆயினர். 1964 அக்டோபர் 30 இல் இந்தியப் பிரதமர் சாத்திரியாரும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ அம்மையாரும் ஓர் உடன்படிக்கை செய்தனர். 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேரை இந்தியாவும், 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்றும், எஞ்சியோரைப் பின்னர்த் தீர்மானிப்பதென்றும் வகுத்தனர். எஞ்சிய 1,50,000 பேரும் 1974 இற் செம்பாதியாகப் பகுக்கப்பட்டனர். அவ்வாறு வந்தவர்க்கு வாழ்வளிக்கவே தமிழ்நாட்டரசு 1968 இல் நீலகிரியில் தேயிலைத் தோட்டத் திட்டத்தைத் தொடங்கிற்று. அத்தோட்டங்களை நடத்தும் அரசுக் கழகத்தின் தலைமையகம் குன்னூரிலேயே உள்ளது. யான் ஏறிவந்த மலையின் பசுமையில் ஒரு பகுதி, இலங்கை மலைகளைப் பசுமையாக்கிவிட்டு வந்த கைகளாலே ஆனது. இவற்றையெல்லாம் நூலிற் படித்திருந்தேன். படித்திருந்தும், இம்மலையில் ஒருவர்க்கேனும் சிங்களம் விளங்கும் என்னும் நினைவு எனக்குத் தோன்றவில்லை. நூலறிவு நூலளவில் நின்றது.

இறுதியாக அவர் கூறியது இது: 'அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை வருடமாயிற்று! அம்மா போனார், அண்ணன் போனார், அதன்பின் அதைப் பேச எனக்கு ஆளில்லை. மாத்தயா வாய் திறந்ததும், நம் ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நெஞ்சு துள்ளியது. திரும்பிப் பேச வாயெடுத்தேன். அதற்குள் சொன்னது விளங்கிவிட்டது.'

'பிழை பொறுக்க வேண்டும், அம்மா' என்று கூற எழுந்தேன். எம்மொழியிற் கூறுவதென்று அறியாது நின்றேன். அவர் என் முகத்தை நோக்கி, 'கமக் நே' என்றார். அதனால் ஒன்றுமில்லை, போகட்டும் என்பது பொருள். கண்டியில், உள்ளறையில் இருந்த மூன்று நாளும், அம்மூதாட்டியார்க்கு எங்களால் நேர்ந்த இடர்ப்பாட்டைக் கூறி யான் வருந்தியபோதெல்லாம் அவர் சொன்னவை இவ்விரு சொற்களே. உயிரைக் காத்த மொழியை உயிர்களை இகழ்தற்குக் கருவியாக்கினேன் என்பது அக்கணத்திற்றான் எனக்கு உறைத்தது. தேநீரின் விலையை அம்மையார் எண்ணிப் பெற்றுக்கொண்டார். மிகையாக யான் நீட்டியதைத் திருப்பிக் கொடுத்தார்.

அன்று மாலை அவை நிரம்பியிருந்தது. போப்பையரைப் பற்றிய தொடக்கத்தை என்னாற் சொல்ல முடியவில்லை, விட்டுவிட்டேன். யாழ்ப்பாணர்க்கு நாயனார் இடமளித்த பகுதிக்கு வந்ததும் குரல் தழுதழுத்து நின்றது. அவையோர் அதனைப் பத்தி மேலீடு என்று கொண்டனர். சொற்பொழிவு முடிந்ததும் ஆடை போர்த்திப் பாராட்டினர். அப்போதேனும் உண்மையைக் கூறியிருக்கலாம். கூறாது ஆடையைப் பெற்றுக்கொண்டேன். பகலில் பிறர் அறியாத மொழியிற் பேசி மறைந்தேன். இரவில் எல்லாரும் அறிந்த மொழியிற் பேசாதிருந்து மறைந்தேன். இரண்டினுள் எது பெரும்பிழை என்று என்னாற் கூற இயலாது.

இரவு உறக்கம் வரவில்லை. மடத்திற் கேட்ட பாடங்கள் ஒவ்வொன்றாக வந்து என்னை வினவின. சுத்தமாயையிற் றோன்றும் வாக்குச் சூக்குமை, பைசந்தி, மத்திமை, வைகரி என நான்காம் என்பது நம் சாத்திரம். வைகரி பிறர் செவிக்குப் புலனாவது. மத்திமை செவிக்கு எட்டாது, எழுத்துமுறை அமைந்து உள்ளத்தே நிற்பது. பைசந்தியில் அம்முறையும் இல்லை. மயில்முட்டையின் நீரிற் பல நிறங்களும் வேறுபாடின்றி அடங்கியிருத்தல்போல, எழுத்தெல்லாம் அங்கே அடங்கி நிற்கும். இதனை எத்தனையோ மாணவர்க்கு யான் விளக்கியிருக்கின்றேன். அவ்விரவிலே எனக்கு விளங்கிற்று: தமிழென்றும் சிங்களமென்றும் பிரிவது பின்னர், இகழ்ச்சி தோன்றியது அதற்கு முன்னர். அங்கே மொழிபெயர்ப்பும் வேண்டா, மறைவிடமும் இல்லை. உயிர்க்கு அறிவிப்பவனும் உடனிருந்து அறிபவனும் இறைவனே என்று ஓதிவந்த யான், அவன் அறியாதது ஒன்றைப் பேசுதற்கு ஒரு மொழியைத் தேடிக்கொண்டேன். இருள் பிற பொருளை மறைப்பினும் தன்னிருப்பையேனும் காட்டும்; ஆணவமோ தன்னையும் காட்டாது என்பது உமாபதி சிவனார் அருளிய கருத்து. நாற்பதாண்டு என்னுள் இருந்ததை எனக்குக் காட்ட, தேயிலைக் கறை படிந்த ஒரு கை வேண்டியிருந்தது.

இங்கே ஓர் ஐயம் எழலாம். 'தீக்கை பெற்றவன் உணவிலும் நீரிலும் தூய்மை பேணல் குற்றமோ?' எனின், அன்று. குவளையைக் கழுவித் தருக என்று தமிழிற் கேட்டிருந்தால் அது தூய்மை பேணல். அவ்வம்மையாரும் மகிழ்ந்து செய்திருப்பார். கேளாது, குவளையிலிருந்து கைக்கும், கையிலிருந்து குலத்திற்கும் தாவி, அதனை மறைமொழியிற் கூறியது தூய்மை அன்று. தூய்மை பிறர் அறியக் கூறத்தக்கது. கூறுதற்கு மறைவு வேண்டியபோதே அது வேறொன்றாயிற்று.

மறுநாட் காலை, திரும்பும் வழியில், வண்டியை அக்கடைமுன் நிறுத்தச் செய்தேன். பனி இல்லை, வெயில் நன்றாயிருந்தது. அம்மையார் எங்களைக் கண்டு, 'வாங்க மாத்தயா, வாங்கம்மா' என்று முகமலர்ந்தார். யான் சிங்களத்தில், 'அம்மா, நேற்று நான் பேசியது பிழை. மன்னிக்க வேண்டும்' என்றேன். 'அதை நேற்றே விட்டாயிற்றே' என்றார் அவர். பின்னர், 'ரொட்டி சுட்டிருக்கிறேன். தேங்காய்ச் சம்பல் இருக்கிறது. சைவந்தான், கருவாடு சேர்க்கவில்லை. சாப்பிடுவீர்களா?' என்று தயங்கித் தயங்கி வினவினார். அவர் தயக்கம் யான் விதைத்தது. இருவரும் அமர்ந்து உண்டோம். மாத்தளை வீட்டில் அன்னையார் செய்ததே போன்றது என்று இல்லாள் கண் கலங்கினாள்.

உண்ணும்போது அவர், 'நேற்றுக் கோயிலிற் கதை சொல்ல வந்தவர் நீங்கள்தானாமே. கடையை விட்டு வர முடியவில்லை. என்ன கதை?' என்று கேட்டார். நீலநக்கர் வரலாற்றை அவர்க்குச் சிங்களத்திற் சொன்னேன். நாற்பதாண்டில் அம்மொழியிற் சிவனடியார் ஒருவர் திருப்பெயரை யான் கூறியது அதுவே முதன்முறை. ஆகமம், அநுட்டானம் முதலிய சொற்களுக்கு ஈடு தேடித் தடுமாறினேன். இல்லாள் எடுத்துக் கொடுத்தாள். சிலந்தியையும் கொப்புளத்தையும் கேட்டு முடித்தபின் அவ்வம்மையார் வினவியது ஒன்றே: 'அப்புறம் அந்த அம்மாவை வீட்டுக்கு அழைத்துக்கொண்டாரா?'

'அழைத்துக்கொண்டார்' என்றேன்.

'அது போதும்' என்றார்.

முப்பது அவைகளில் யான் அப்புராணத்தைச் சொல்லியபோதெல்லாம், நாயனார் மனைவியாரைத் திரும்ப அழைத்துச் சென்றதை ஒரு சொல்லிற் கூறிக் கடந்துவிடுவேன். கனவும் தீயும் அன்றோ அவைக்குச் சுவை தருவன! ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு அனுப்பப்பட்டு, அங்கும் அயலார் என்றும், இங்கும் அயலார் என்றும் எண்ணப்பட்ட ஒருவர்க்கே, மீண்டும் அழைத்துக்கொண்டமைதான் அக்கதையின் உயிர் என்பது விளங்கிற்று.

விடைபெறும்போது, 'ஸ்துதி' என்றேன். நன்றி என்னும் வழக்கிலன்றி, அச்சொல்லின் நேர்ப்பொருளிலேயே அதனைக் கூறினேன். அடியாரையும் ஆலயத்தையும் அரன் எனவே தொழுதல் வேண்டும் என்பது மெய்கண்ட தேவர் பன்னிரண்டாம் சூத்திரத்தால் நமக்கு இட்ட ஆணை. முதல்நாள் அவர் நெற்றி நீற்றைக் கண்டிருந்தாலும் யான் தொழுதிருப்பேனோ என்பது ஐயமே. கண்டபின் தொழாதிருத்தல் இயலாது.

இல்லத்தில் யாங்கள் இன்றும் சிங்களம் பேசுகின்றோம். அதனை விட்டுவிடுதல் அம்மூதாட்டியார்க்கும் இவ்வம்மையார்க்கும் நன்றியின்மையாகும். ஆயின், இல்லாள் முன்னொருகால் கூறிய விதியை இப்போது இருவரும் கைக்கொண்டுள்ளோம்: எவரைப் பற்றிப் பேசுகின்றோமோ, அவர் முகத்தெதிரே தமிழிற் கூற இயலாத ஒன்றை அதிலும் கூறுவதில்லை. இவ்விதியை மேற்கொண்டது முதல் எங்கள் பேச்சுப் பெரிதும் சுருங்கிவிட்டது. அவ்வளவும் முன்னர் எதனால் நிரம்பியிருந்தது என்பதை எண்ணும்போது நாணமே மிகுகின்றது.

என்னைப் போல அவைகளிற் புராணம் உரைக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். நமக்குச் சிங்களம் தெரிந்திருத்தல் வேண்டுமென்பதில்லை. வடமொழிச் சொற்களாலும், ஆங்கிலத்தாலும், கண்சாடையாலும், எளியோர் அறியாத நூல்வழக்காலும் நம்மில் ஒவ்வொருவரும் ஒரு மறைமொழி வைத்துள்ளோம். எதிரே நிற்பவர்க்கு அது விளங்காது என்றெண்ணிப் பேசுகின்றோம். விளங்குகின்றது. அவர் விளங்கியதைக் காட்டிக்கொள்ளாது குவளையைக் கழுவி வைத்து விடுதலே பெரும்பான்மை. எனக்கு அருளால் ஒருவர் வாய்திறந்து சொன்னார்.

மெய்கண்டார் திருவடி வாழ்க.

திருச்சிற்றம்பலம்